ஒரே நடைபாதையை மூன்று முறை தோண்டியவனின் மடல்

நகரத் தெருக்களுக்கு அடியில் குடிநீர், மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு, கழிவுநீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், தோண்ட அனுமதி வழங்கும் சாலைத் துறையினருக்கும்,

வணக்கம்.

நான் தெருவைத் தோண்டுகிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒப்பந்ததாரர்களிடம் பணித்தள மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். உங்களில் பெரும்பாலோருடைய குழாயையோ கேபிளையோ என் ஆட்கள் எப்போதாவது புதைத்திருப்பார்கள். உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை. உங்கள் பெயரைப் பணி ஆணையின் தலைப்பில் வாரந்தோறும் பார்க்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறுகலான தெருவில் வேலை. இருபுறமும் வீடுகள், ஒரு பக்கம் மட்டும் நடைபாதை. முதலில் மின் நிறுவனம் ஒன்றுக்காக அந்த நடைபாதையைத் திறந்தோம். கேபிளை மணல் படுக்கையில் இட்டு, அதற்குமேல் எச்சரிக்கை நாடா விரித்து, மண் நிரப்பிக் கெட்டித்து, கல் பதித்துவிட்டுக் கிளம்பினோம். ஐந்து மாதம் கழித்துக் குடிநீர்க் குழாய் மாற்றுவதற்காக அதே தெருவுக்கு அனுப்பப்பட்டேன். அடுத்த ஆண்டு நான் வேறொரு ஒப்பந்ததாரரிடம் சேர்ந்திருந்தேன். அங்கே கண்ணாடியிழைக் கேபிள் புதைக்கும் ஆணை வந்தது. தெருவின் பெயரைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது.

அந்த மூன்றாம் முறை, ஒன்றரை அடி ஆழத்தில் மண்வெட்டியின் நுனியில் ஒரு சிவப்பு நாடா மாட்டிக்கொண்டு வந்தது. மெல்ல இழுத்துப் பார்த்தேன். நடுவே ஒரு முடிச்சு இருந்தது. முதல் முறை வேலை செய்த அன்று நாடாச் சுருள் பாதியில் தீர்ந்துபோய், புதுச் சுருளின் நுனியைப் பழையதோடு சேர்த்து நான் போட்ட முடிச்சு அது. குத்துக்காலிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நின்று கேட்டார்: “தம்பி, போன முறையும் நீங்கள்தானே வந்தீர்கள்?” ஆமாம் என்றேன். “அதற்கு முந்தின முறையும்?” அதற்கும் ஆமாம் என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூன்று பணிகளும் சேர்ந்து பதினொரு வாரம் அந்தத் தெருவில் நடைபாதை இல்லை. ஒரே முறையில் மூவருக்குமாகச் செய்திருந்தால் ஐந்து வாரத்தில் முடிந்திருக்கும் என்பது என் கணக்கு. தடுப்பு மூன்று முறை வைத்தோம், மணல் மூன்று முறை இறக்கினோம், அதே கற்களை மூன்று முறை பெயர்த்து மூன்று முறை பதித்தோம். மூன்றாம் முறை பாதிக் கற்கள் உடைந்துபோயிருந்தன. மூன்று திட்டங்களும் முதல் மண்வெட்டி மண்ணில் விழுவதற்கு முன்பே மூன்று அலுவலகங்களில் தயாராக இருந்தவைதான். குடிநீர்க் குழாயின் வயது ஒரே நாளில் ஏறிவிடவில்லை. கண்ணாடியிழைக்கான வரைபடத்தில், நாங்கள் முதல் முறை தோண்டிய ஆண்டின் தொடக்கத்துத் தேதியே இருந்தது. ஒருவர் மற்றவரிடம் கேட்கவில்லை. நடந்தது அவ்வளவுதான்.

என் பிழைப்பையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோண்டும் நீளத்துக்கு மீட்டர் கணக்கில்தான் எங்களுக்குப் பணம். மூன்று முறை தோண்டினால் மூன்று முறை கூலி. அது தெரிந்தும்தான் இதை எழுதுகிறேன்.

*

தோண்டிய இடத்தை மூடிவிட்டால் தெரு பழையபடி ஆகிவிடும் என்ற எண்ணம் அலுவலகங்களில் இருக்கிறது. மண்ணோடு பழகியவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பல ஆண்டுகளாக வண்டிகளின் பாரத்தில் இறுகிப்போன மண்ணில் ஒரு பள்ளத்தை வெட்டினால், வெட்டிய இடம் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. பள்ளத்தின் இரு பக்கச் சுவர்களும் அதுவரை ஒன்றையொன்று தாங்கிக்கொண்டிருந்தவை. நடுவிலிருந்த மண் போனதும் அவை உட்பக்கமாகத் தளர்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. மூடிய பிறகும் அந்தத் தளர்வு அப்படியே இருக்கும். நீங்கள் ஒட்டுப்போட்ட தாருக்கு வெளியே, ஓர் அடி தள்ளி, பள்ளத்தின் நீளத்துக்கு இணையாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது தளர்ந்துபோன சுவர் தன் கதையைச் சொல்லும் இடம்.

நிரப்புவதிலும் முறை இருக்கிறது. மண்ணை ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் இயந்திரத்தால் தட்டிக் கெட்டித்து, அதன் பிறகே அடுத்த அடுக்கைப் போட வேண்டும். ஒரு மீட்டர் ஆழப் பள்ளத்துக்கு இது நாள் முழுதும் இழுக்கும் வேலை. மாலைக்குள் தெருவைத் திறந்துவிடு என்று தொலைபேசியில் நெருக்கும்போது என்ன நடக்கிறது தெரியுமா? அரை மீட்டர் மண்ணை ஒரே மூச்சில் தள்ளி, மேலே மட்டும் தட்டிவிட்டுப் போகிறார்கள். மேலே நின்று பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும். முதல் பெருமழையில் தண்ணீர் ஒட்டின் ஓரமாக இறங்கும். அடியிலுள்ள மண் அமிழும். மேலே குழி விழும். நானும் இப்படிச் செய்யவைக்கப்பட்டிருக்கிறேன். மறுத்துப் பேசி வேலையை இழந்ததும் உண்டு.

ஒரு பள்ளம் என்றால் இரண்டு ஓரங்கள். மூன்று பள்ளங்கள் என்றால் ஆறு. தண்ணீர் இறங்க ஆறு வழிகள், விரிசல் விட ஆறு கோடுகள். ஒட்டுத் தையல் எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் புதுத் துணி ஆகாது. சான் பிரான்சிஸ்கோ நகரம் இதைப் புரிந்துகொண்டுதான், புதிதாகத் தளமிட்ட தெருவை ஐந்து ஆண்டுகளுக்குத் தோண்டக் கூடாது என்று விதி வைத்திருக்கிறது. அவசரத்துக்கும் சிறப்பு அனுமதிக்கும் அதில் இடமுண்டு. இங்கிலாந்தின் விதிகளில், தோண்டிய நிறுவனமே தான் மூடிய இடத்துக்கு இரண்டு ஆண்டுகள் பொறுப்பு. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம் என்றால் மூன்று ஆண்டுகள். இரண்டும் நல்ல விதிகள். ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிந்த மறுநாள் ஐந்து நிறுவனங்கள் வரிசையாக வந்து நின்றால் அந்தத் தெருவின் கதி என்ன? தடையால் காலத்தைத் தள்ளிப்போட முடியும். உங்களை ஒரே மேசையில் உட்கார வைக்க அதனால் முடியாது.

*

இனி நான் எழுதப்போவதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். ஒருவர் பள்ளத்தில் இன்னொருவர் பொருளைப் பற்றிய செய்தி இல்லாமல் இறங்குவதைப் பற்றியது.

எங்களிடம் கொடுக்கப்படும் வரைபடங்களை நீங்கள் எப்போதாவது தெருவில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? “நடைபாதை விளிம்பிலிருந்து 1.2 மீட்டர்” என்று ஒரு கோடு போட்டிருக்கும். எந்த விளிம்பு? தெருவை அகலப்படுத்தியபோது அந்த விளிம்பு நகர்ந்துவிட்டது. வரைபடத்தில் அது பழைய இடத்திலேயே நிற்கிறது. கோட்டை நம்பி அளந்து, பொக்லைனை இறக்கினால் கேபிள் எங்கோ இருக்கும். ஒருமுறை அப்படி ஒரு மின்கேபிளில் பொக்லைனின் பல் பட்டது. நீலமும் வெள்ளையுமாக ஒரு வெளிச்சம், காது அடைத்துப்போனது. ஓட்டுநர் இருக்கையிலேயே உறைந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்லின் நுனி மட்டும் மெழுகுபோல உருகியிருந்தது. அந்த வரைபடத்தைக் கொடுத்த நிறுவனத்திடம், “உங்கள் கோடு 70 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள்” என்று எழுதிக்கொடுத்தேன். அடுத்த ஆண்டு வேறொரு பணிக்காக அதே வரைபடம் வந்தது. கோடு நகரவில்லை.

தென்கொரியாவின் டேகு நகரில் 1995 ஏப்ரல் 28 அன்று காலை, மெட்ரோ ரயில் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் எரிவாயு வெடித்தது. அருகில் நடந்த வேறொரு கட்டுமானப் பணியில் துளையிட்டபோது எரிவாயுக் குழாய் உடைந்திருந்தது. கசிந்த வாயு மெட்ரோ பணியிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. 101 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள். குழாய் ஒருவருடையது, துளை இன்னொருவருடையது, சுரங்கம் மூன்றாமவருடையது. நிலத்துக்குமேல் நீங்கள் தனித்தனி நிறுவனங்களாக இருக்கலாம். நிலத்துக்கு அடியில் நீங்கள் ஏற்கெனவே கூட்டுக்குடும்பம். ஒரு கூரையின்கீழ் ஒருவருக்கொருவர் பேசாமல் இருக்கிறீர்கள்.

பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நெதர்லாந்தில் 2008 முதல், இயந்திரம் வைத்துத் தோண்டுகிறவர் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். அந்த இடத்தில் குழாயோ கேபிளோ வைத்திருப்பவர்கள் விவரம் கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்தால், நிறுவனங்கள் ஆள் அனுப்பித் தரையில் வண்ணம் பூசிக் காட்டுகின்றன: மின்சாரத்துக்குச் சிவப்பு, எரிவாயுவுக்கு மஞ்சள், தொலைத்தொடர்புக்கு ஆரஞ்சு, குடிநீருக்கு நீலம், கழிவுநீருக்குப் பச்சை. தோண்டப்போகும் எல்லையை வெள்ளையில் வரைவது தோண்டுகிறவரின் வேலை. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் அந்த வண்ணம் புரியும். இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு நிறுவனம் பள்ளத்தில் இறங்கும் மனிதனுக்குச் செய்ய முடியாது என்பேன்.

பணக்கணக்கில்தான் பேச வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. நிலத்தடியில் என்ன இருக்கிறது என்பதைத் திட்டமிடும் கட்டத்திலேயே கருவிகளாலும் சோதனைக் குழிகளாலும் கண்டறிந்து வரைவதால் என்ன லாபம் என்று அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 71 நெடுஞ்சாலைத் திட்டங்களை ஆராய்ந்தது. 1999-இல் வந்த அந்த அறிக்கையின்படி, அதற்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 4.62 டாலர் மிச்சமாகியிருந்தது.

*

ஒத்துழைப்பு என்ற சொல்லை உங்கள் ஆண்டறிக்கைகளில் நிறையப் படித்திருக்கிறேன். பணித்தளத்தில் அதற்கு மிகச் சிறிய பொருள்தான் உண்டு. நான் ஒரு பள்ளத்தைத் திறக்கப்போகிறேன் என்பது உங்களுக்கு, உங்கள் பணம் ஒதுக்கப்படுவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கவனியுங்கள்: பணம் ஒதுக்கப்படுவதற்கு முன்பு. தோண்டுவதற்கு இரண்டு வாரம் முன்பு அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று எல்லோருக்கும் போகிறது. அதைக் கூட்டுத் திட்டமிடல் என்று சொல்லிக்கொள்கிறோம். இரண்டு வாரத்தில் யாரால் குழாய் வாங்க முடியும், யாரால் ஒப்பந்தம் போட முடியும்? அந்த நகல் கோப்பில் போய்ப் படுத்துக்கொள்கிறது. குடிநீர் நிறுவனத்தின் முதலீட்டுத் திட்டம் ஒரு காலச்சுற்றில் ஓடுகிறது. மின் நிறுவனத்தினுடையது வேறொன்றில். தொலைத்தொடர்பு நிறுவனங்களோ போட்டியாளர் எப்போது எந்தத் தெருவுக்குள் நுழைகிறார் என்று பார்த்துக்கொண்டு காலாண்டுக்கு ஒருமுறை மனம் மாறுகின்றன. இந்த நாட்காட்டிகள் ஒன்றையொன்று பார்க்கும் இடம் ஒன்று வேண்டும். அனுமதி கொடுக்கும் மேசையில் அது அமையாது, அதற்குள் காலம் கடந்துவிடும்.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஜிபோட் என்றொரு பொதுத் தளம் இருக்கிறது. எந்த இடத்தில் எப்போது வேலை செய்யத் திட்டமிட்டிருக்கிறோம் என்பதை அதில் பதிகிறார்கள். தன்னோடு சேர்ந்துகொள்ள வேறு யாருக்கும் விருப்பமுண்டா என்று அதிலேயே கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் கொண்டுவந்த நெறிமுறை இன்னும் ஒரு படி போனது: பொதுப்பணத்தில் ஒரு நிறுவனம் தோண்டுகிறது என்றால், அதோடு சேர்ந்து அதிவேக இணையக் கேபிள் போட விரும்பும் நிறுவனத்தின் நியாயமான கோரிக்கையை அது ஏற்க வேண்டும், ஆனால் அந்தக் கோரிக்கை உரிய காலத்துக்குள் வர வேண்டும், முதல் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவோ தாமதமோ வைக்கக் கூடாது. நியாயத்தை இருபுறமும் அளந்து எழுதியிருக்கிறார்கள்.

பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. தெருப்பணிகளை ஒருங்கிணைப்பது சாலை நிர்வாகத்தின் கடமை என்று ஒரு பிரிவு சொல்கிறது. அதற்கு அடுத்த பிரிவே, தோண்டும் நிறுவனங்கள் ஒன்றோடொன்றும் நிர்வாகத்தோடும் ஒத்துழைப்பது அவர்கள் கடமை என்கிறது. ஒருவர் கூட்டத்தைக் கூட்டினால் மற்றவர்கள் வந்தாக வேண்டும். எதற்காக ஒருங்கிணைக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது: பாதுகாப்புக்காக, தெருவைப் பயன்படுத்துவோரின் சிரமத்தைக் குறைப்பதற்காக, தெருவின் கட்டமைப்பைக் காப்பதற்காக. சிரமம் என்று சொல்லும் இடத்தில், மாற்றுத்திறனாளிகளின் தேவைகளைச் சிறப்பாகக் கருத்தில் கொள்ளும்படி தனியாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஒருவர் நினைவுக்கு வந்தார்.

நான் சொன்ன தெருவில் பார்வையற்ற ஒருவர் குடியிருந்தார். வெள்ளைக்கோலோடு தினமும் காலையில் வேலைக்குப் போவார். முதல் முறை பள்ளம் தோண்டியபோது இரண்டு நாள் எங்கள் தடுப்பில் வந்து மோதினார். மூன்றாம் நாள் நான் அவர் கையைப் பிடித்து, பலகைப் பாலம் எங்கே இருக்கிறது, அங்கிருந்து முனைக்கு எத்தனை அடி என்று நடந்து காட்டினேன். அவர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்து நான்கு. மறுநாளிலிருந்து தானாகவே போனார். வேலை முடிந்து பலகையை எடுத்தோம். அவர் தன் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பியிருப்பார். குடிநீர்ப் பணியின்போது பள்ளம் சற்றுத் தள்ளியிருந்தது, பலகை வேறு இடத்தில். மறுபடியும் எண்ணினோம். மூன்றாம் முறை அவர் என் குரலைக் கேட்டதும் நின்று, கோலை மடக்கிக்கொண்டு, “இந்த முறை எத்தனை?” என்றார்.

போக்குவரத்து நெரிசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வண்டிக்காரர் வேறு வழியில் சுற்றிப் போய்விடுவார். தெருவைக் காலால் மனப்பாடம் செய்து வைத்திருப்பவருக்கு மாற்றுவழி கிடையாது. சக்கர நாற்காலியில் போகிறவருக்கும், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பலகைப் பாலத்தின் முன் திகைத்து நிற்கும் தாய்க்கும் அப்படித்தான். உங்கள் மூன்று பணி ஆணைகளில் இவர்களுக்கான செலவு எந்தப் பத்தியிலும் வராது. லண்டனில் 2012 முதல், நெருக்கடியான சாலைகளில் நெருக்கடியான நேரத்தில் தோண்டும் நிறுவனங்கள் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை செலுத்துகின்றன. தொடக்கத்தில் அது நாளொன்றுக்கு 2,500 பவுண்டு வரை. தெரு இலவசமாகக் கிடைக்கும் இடம் இல்லை என்பதை அந்த வாடகை நிறுவனங்களுக்கு நினைவூட்டுகிறது. நடைபாதைக்கும் இப்படி ஒரு கணக்கு எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை.

*

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். சிலவற்றில் நியாயமும் இருக்கிறது.

அவசரப் பணிகளைத் திட்டமிட முடியாது என்பீர்கள். சரிதான். குழாய் வெடித்தால் அன்றே தோண்டியாக வேண்டும், எரிவாயு கசிந்தால் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. அந்தப் பள்ளங்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் அவசரம் என்ற பெயரில் எனக்கு வந்த ஆணைகள் சிலவற்றில் இருந்த பொருள்கள், பல வாரங்களுக்கு முன்பே கிடங்கில் வந்து இறங்கியவை. அவற்றை நான்தான் போய் எடுத்து வந்தேன்.

மின்கேபிளையும் எரிவாயுக் குழாயையும் அருகருகே புதைப்பது ஆபத்து என்பீர்கள். அதுவும் உண்மை, இடைவெளி கட்டாயம். அதற்காகத்தான் ஆழங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. பிரிட்டனில் நடைபாதைக்கு அடியில் தொலைத்தொடர்பு 25 முதல் 35 சென்டிமீட்டர், தாழ்வழுத்த மின்கேபிள் 45, எரிவாயு 60, குடிநீர் 75 என்று பரிந்துரை உண்டு. பக்கவாட்டிலும் ஒவ்வொன்றுக்கும் தனி இடம். படிக்கட்டு போல வெட்டிய ஒரு பள்ளத்தில், ஆழமானதை முதலில் வைத்து மேலே வரவர மற்றவற்றை வைத்துக்கொண்டே போகலாம். நான் செய்திருக்கிறேன். கடினமான வேலை, முடியாத வேலை இல்லை.

எல்லாவற்றுக்கும் ஒரு பொதுச் சுரங்கம் கட்டிவிட்டால் தோண்டவே வேண்டாமே என்று கூட்டங்களில் யாராவது எழுந்து சொல்வார்கள். பாரிஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே தன் பெரிய கழிவுநீர்ச் சுரங்கங்களுக்குள் குடிநீர்க் குழாய்களையும் கொண்டுபோனது. லண்டனின் கேரிக் தெருவுக்கு அடியில் 1861-இல் அமைந்த சுரங்கவழி மற்றொரு பழைய சான்று. ஜப்பான் 1923-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்துக்குப் பிறகு இந்த வழியில் இறங்கி, 1963-இல் அதற்கென்றே சட்டம் இயற்றியது. சிங்கப்பூர் மரீனா பே பகுதியை உருவாக்கும்போதே பொதுச் சுரங்கத்தையும் கட்டிவிட்டது. புதிய பகுதி எழும்பும்போதும், மெட்ரோவுக்காகத் தெருவை அடியோடு புரட்டும்போதும் இதைச் செய்யாமல் விடுவது பெரும் தவறு. ஆனால் பழைய, குறுகலான, ஏற்கெனவே நிரம்பி வழியும் தெருக்களில் அதற்கு இடமும் இல்லை, அதற்காகக் காத்திருக்கக் காலமும் இல்லை. என்றோ வரப்போகும் சுரங்கத்தைக் காட்டி இன்றைக்கு ஒரு தொலைபேசி அழைப்பைத் தவிர்த்துவிடாதீர்கள்.

உண்மையான தடை வேறு இடத்தில் இருக்கிறது. கூட்டுப்பள்ளத்தை யார் மூடுவது, மூடியது அமிழ்ந்தால் யார் பொறுப்பு, ஒருவர் தாமதித்தால் மற்றவரின் நட்டத்தை யார் ஏற்பது? இதற்கு விடை எழுதப்படாததால்தான், தனியாகத் தோண்டுவதே நிம்மதி என்று உங்கள் சட்டப் பிரிவு சொல்கிறது. இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரு பொது ஒப்பந்த வாசகத்தை ஒருமுறை உட்கார்ந்து எழுதுங்கள். பள்ளத்தை முதலில் திறப்பவரே மூடுவார், செலவு அவரவர் எடுத்துக்கொண்ட ஆழத்துக்கும் அகலத்துக்கும் ஏற்பப் பிரியும், உத்தரவாதம் ஒருவர் பெயரில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிட நல்ல ஏற்பாடு உங்களுக்குத் தோன்றினால் அதையே வையுங்கள். எதுவாயினும் பள்ளத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கட்டும். திறந்த பள்ளத்தின் கரையில் நின்றுகொண்டு இரண்டு நிறுவனத்தின் பொறியாளர்கள் இதற்காகச் சண்டையிட்டதையும், ஆட்கள் ஒன்பது நாள் வேலையின்றி உட்கார்ந்திருந்ததையும் பார்த்தவன் நான். ஒன்பது நாளும் பள்ளம் திறந்தே கிடந்தது.

அடுத்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் தொடப்போகும் தெருக்களை ஒரே வரைபடத்தில் போடுங்கள். துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. “இந்தத் தெரு, ஏறக்குறைய இந்த ஆண்டு” என்ற அளவே போதும். வணிக ரகசியம் என்று தயங்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களே, உங்கள் பெயரைப் போட வேண்டாம். நடுவில் இருக்கும் சாலைத் துறைக்கு மட்டும் தெரிந்தால் போதும். பள்ளம் திறந்திருக்கும்போது, இப்போதைக்குத் தேவை இல்லாவிட்டாலும் வெற்றுக் குழல் ஒன்றிரண்டைப் புதைத்துவைக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒருவர் கேபிளை அதன் வழியே இழுத்துக்கொள்வார், தெருவுக்கு வலிக்காது. மூடுவதற்கு முன் பள்ளத்தில் எது எங்கே இருக்கிறது என்று அளந்து பதிவதற்கு ஒரு மணி நேரம் கொடுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள். நகர்ந்துபோகும் விளிம்பிலிருந்து அளக்கச் சொல்லாதீர்கள். செயற்கைக்கோள் வழி இடங்குறிக்கும் கருவி இன்று எங்கள் ஆட்களின் கைக்கே வந்துவிட்டது. அளந்ததை மற்ற நால்வருக்கும் அனுப்புங்கள். தவறு என்று நாங்கள் எழுதிக்கொடுத்தால் கோட்டை நகர்த்துங்கள்.

சாலைத் துறையினருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் புதுத் தளம் போடப்போகும் தெருக்களின் பட்டியலைத் தார் கொதிக்கத் தொடங்கிய பிறகு வெளியிடாதீர்கள். இரண்டு ஆண்டு முன்பே சொல்லுங்கள். அடியில் பழுதுபார்க்க வேண்டியதை எல்லோரும் முடித்துக்கொண்ட பிறகு தளம் வரட்டும். புத்தம் புதிய கருந்தளத்தை மூன்றாம் வாரம் வெட்டச் சொல்லி வரும் ஆணையைக் கையில் வாங்கும்போது, எங்கள் ஆட்களே தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

இந்த வாரம் எனக்குப் புதிய பணி ஆணை ஒன்று வந்திருக்கிறது. குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை. நீளம் 380 மீட்டர், பள்ளத்தின் அகலம் 90 சென்டிமீட்டர், ஆழம் 1.2 மீட்டர். மூன்று மாதம் கழித்துத் தொடங்குகிறோம். குழாயின் ஒரு பக்கத்தில், மேலே, இரண்டு குழல்கள் வைக்க இடம் இருக்கிறது. நானே வரைந்து பார்த்துவிட்டேன். ஆணையைக் கொடுத்த நிறுவனத்திடம், மற்றவர்களைக் கேட்டுச் சொல்லும்படி எழுதிக்கொடுத்திருக்கிறேன். சாலைத் துறையின் அலுவலகத்திலும் வரைபடத்தின் ஒரு நகல் இருக்கிறது. உங்களில் யாருக்கு அந்தத் தெருவில் வேலை இருந்தாலும், தயவுசெய்து இப்போதே அவர்களிடம் சொல்லுங்கள். முதல் வாரம் சோதனைக் குழிகள் மட்டும்தான். அந்த வாரக் கடைசி வரை வரைபடத்தில் இடம் விட்டுவைத்திருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு பணித்தள மேற்பார்வையாளர்